விரலளவு வீரர்கள்



பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவதைப் பற்றிப் பேச ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் எதற்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். முப்பதாண்டுகளுக்கு மேல் கணக்குக் கற்பித்தவன் நான். இங்கிலாந்து தேசத்தில், நாட்டிங்காம் நகரில் வாழும் என் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, பன்னிரண்டு வயதுப் பேரன் என்னைத் தன் மேசையருகே அமர்த்தி ஒரு தூரிகையைக் கையில் கொடுத்தான். அன்று அவன் ஆசிரியன், நான் மாணவன். அவனிடம் கற்ற பாடத்தையே இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

மேசைமேல் போர் நடத்தும் ஆட்டம் நேற்றுத் தோன்றியதன்று. நிலப்படத்தின்மேல் கட்டைகளை நகர்த்திப் படையதிகாரிகள் பயிற்சி பெறும் முறை 1824-இல் பிரஷ்ய நாட்டில் ஏற்பட்டது. பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு வீட்டில் ஆடத்தக்க விதிகளை எச். ஜி. வெல்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1913-இல் ‘லிட்டில் வார்ஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். பின்னர் 1983-இல் ‘வார்ஹாமர்’ என்னும் ஆட்டம் வந்தது. இதில் பொருதுவோர் வரலாற்று வீரர்கள் அல்லர். கற்பனை உலகின் அரக்கர், குள்ளர், சிறகுடைய நாகங்கள் ஆகியோர். இதனை வெளியிட்ட கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1975-இல் லண்டனில் தொடங்கப்பெற்றது. அதன் தலைமையகம் இப்பொழுது நாட்டிங்காமிலேயே இருக்கிறது. வீரர்களை அளவு நாடாவால் அளந்து நகர்த்துவர்; பகடை உருட்டி வெற்றி தோல்வியை முடிவு செய்வர். அவ்வீரர்கள் பெரும்பாலும் நிறமற்ற பிளாஸ்டிக் துண்டுகளாகவே விற்கப்படுகிறார்கள். அவற்றை ஒட்டி, வண்ணமிட்டு, உயிரூட்டுவது ஆடுபவனின் கடமை.

சாதாரண வீரன் ஒருவனின் உயரம் ஏறத்தாழ 28 மில்லிமீட்டர். அதாவது மனிதனில் அறுபதில் ஒரு பங்கு. இங்கே ஒரு சிறு கணக்குப் போடுவோம். அப்பதுமையை 60 சென்டிமீட்டர் தொலைவில் வைத்துப் பார்ப்பது, உண்மை மனிதனை 36 மீட்டர் தொலைவில் பார்ப்பதற்குச் சமம். அவ்வளவு தொலைவில் நிற்பவனுடைய ஆடையின் மடிப்பும் முகத்தின் சுருக்கமும் நமக்குத் தெளிவாகத் தெரியுமா? தெரியா. ஆகவே, ஒரே சிவப்பைப் பூசி விட்டுவிட்டால் அங்கி தட்டையாகவே தோன்றும். இயற்கை ஒளி செய்யாததை ஓவியன் செய்கிறான். பள்ளங்களில் நிழலையும் மேடுகளில் ஒளியையும் வண்ணத்தாலேயே வரைந்துவிடுகிறான். இக்கலையின் அடிப்படை இதுதான்.

இனிச் செய்முறை. முதலில், அச்சின் இரு பாதிகள் கூடிய இடத்தில் உள்ள மெல்லிய கோட்டைக் கத்தியால் சுரண்டி நீக்க வேண்டும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் வண்ணம் எளிதில் பற்றாது; ஆதலால் அடுத்துப் பிரைமர் பூச வேண்டும். அது உலர்ந்தபின் அங்கிக்கும் தோலுக்கும் கவசத்திற்கும் உரிய நிறங்களை இடலாம். வண்ணத்தில் நீர் கலந்து, பால் போன்ற பதத்தில் கொள்ள வேண்டும். தடித்த பூச்சு ஒன்றைவிட மெல்லிய பூச்சு இரண்டு மேலானவை. தடித்த வண்ணம் விரல்களையும் பொத்தான்களையும் மூடிவிடும். இவ்வண்ணங்கள் அக்ரிலிக் வகையைச் சேர்ந்தவை. நீர் ஆவியானதும் அதிலுள்ள நுண்துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. மீண்டும் நீரில் கரைவதில்லை. அதனாலேயே ஒரு பூச்சின்மேல் மற்றொன்றை அச்சமின்றி இட முடிகிறது.

பிறகு, மிகவும் நீர்த்த கருவண்ணத்தைத் தடவினால் அது தானே வழிந்து பள்ளங்களில் தங்கும். நிழல் பிறந்துவிட்டது! அடுத்து, வெளிர்நிறம் தோய்ந்த தூரிகையைத் துணியில் ஏறத்தாழ உலரும்வரை துடைத்து, மேடுகளின்மேல் இலேசாக உராய்ந்தால், விளிம்புகளில் மட்டும் நிறம் பற்றும். ஒளி பிறந்துவிட்டது! இறுதியில் கண்கள். ஒரு வெண்கோடு, அதன் நடுவே ஒரு கரும்புள்ளி.

அந்தப் புள்ளியில்தான் நான் தோற்றேன். என் கை நடுங்கிற்று. வீரன் மாறுகண் பெற்றான். பேரன் நகைக்கவில்லை. “தாத்தா, இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று சேர்த்து மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபிறகு புள்ளி வையுங்கள். தவறினால் தோல்நிறத்தால் மூடிவிட்டு மறுபடி வைக்கலாம்” என்றான். நான்காம் முறை கண் அமைந்தது.

அப்பொழுது எனக்கு ஒரு நினைவு எழுந்தது. நான் பணியில் சேர்ந்த புதிதில், கணக்கு வகுப்பில் ஒரு சிறுவன் கடைசிப் பலகையில் அமர்ந்து, சுண்ணக்கட்டியைக் கவராய முனையால் செதுக்கி, மையால் வண்ணமிட்டு, ஒரு சிப்பாயைச் செய்து வைத்திருந்தான். அதனைப் பிடுங்கிச் சன்னல் வழியே எறிந்தேன். அவன் அழவில்லை. அதன்பின் அவன் என் வகுப்பில் எதையும் செதுக்கவுமில்லை. அதனை என் வெற்றி என்றே அன்று எண்ணினேன். அச்சிப்பாய்க்குக் கண்கள் இருந்தன. இரண்டும் நேராக இருந்தன. அவற்றை வைக்க எத்தனை பொறுமை வேண்டும் என்பதை, நாற்பது ஆண்டுகள் கழிந்து, என் பேரனின் மேசையில்தான் உணர்ந்தேன்.

மாணவர்களே! பாட நேரத்தில் பாடத்தைக் கவனியுங்கள். அதில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் உங்கள் கைகள் விரும்பிச் செய்யும் நுண்பணி எதுவாயினும், அதற்கும் ஒரு வேளையை ஒதுக்குங்கள். ஆசிரியப் பணிக்குச் செல்லவிருப்போர் இன்னும் ஒன்றையும் நினைவில் வையுங்கள்: பிடுங்கிய பொருளை எறியுமுன் ஒருமுறை உற்று நோக்குங்கள். மாலை மணி அடித்தபின் அதனை உரியவனிடமே திருப்பிக் கொடுங்கள்.