தன்வரலாற்றிற் காலத்தின் உருவம்

காலத்துக்கு உருவம் இல்லை. எனினும் மனிதர் அதனை உருவமின்றி எண்ணுவது அரிது. தமிழ் வழக்கிற் காலம் காலனாகி, பாசக்கயிற்றுடன் எருமைக் கடாவின் மீது வருகிறது. மேனாட்டு ஓவியங்களிலோ அது அரிவாளும் மணற்கடிகையும் ஏந்திய நரைத்த கிழவனாக நிற்கிறது. நாடுகள் வேறாயினும் ஒன்றையொன்று ஒத்துத் தோன்றும் இத்தகைய உருவங்களை மூலப்படிமங்கள் எனக் கொண்டு ஆராய்ந்தவர், சுவிற்சர்லாந்து உளநூலறிஞர் கார்ள் குஸ்தாவ் யுங் (1875–1961) ஆவார். மனித உள்ளத்தின் ஆழத்தில் யாவர்க்கும் பொதுவாய் அமைந்த அச்சுக்கள் போன்றவை அவை என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை உளநூலார் அனைவரும் ஏற்றுக்கொண்டாரல்லர். ஆயினும் அத்தகைய படிமம் ஒருவருடைய வாழ்க்கைக் கதையினுள் எவ்வாறு நடமாடுகிறது என்பதை அறிய, யுங்கின் சொந்த வாழ்க்கையே ஏற்ற சான்றாகும்.

எண்பது வயதைக் கடந்தபின், 1957 இல், அவர் தம் செயலாளர் அனியேலா யஃபேயிடம் தம் நினைவுகளைச் சொல்லத் தொடங்கினார். அவர் மறைந்தபின் 1962 இல் அந்நூல் வெளிவந்தது. பெற்ற பட்டங்களும் சந்தித்த பெரியோரும் அதில் அதிக இடம் பெறவில்லை. அகத்தே நிகழ்ந்தவையே விரிவாகப் பேசப்படுகின்றன.

பாசல் நகருக்கருகே ஒரு சிற்றூரிற் பாதிரியாரின் மகனாக வளர்ந்த அச்சிறுவனுக்கு, தன்னுள் இருவர் உறைவதாகத் தோன்றிற்று. ஒருவன் கணக்குப் பாடத்தில் இடர்ப்படும் பள்ளி மாணவன். மற்றவரோ வெண்ணிறப் பொய்முடியும் கொளுவியிட்ட சப்பாத்தும் அணிந்த, 18 ஆம் நூற்றாண்டு முதியவர். ஒருநாள் கருங்காடு என்னும் செருமனிய மலைப்பகுதியிலிருந்து வந்த பழங்காலக் குதிரைவண்டியொன்று வீட்டைக் கடந்து சென்றது. அது தன் காலத்து வண்டி என்று சிறுவனின் உள்ளம் துள்ளியதாம். 1886 என்று எழுதவேண்டிய இடத்தில் 1786 என்று அவன் பலமுறை எழுதிவிடுவதுண்டு. எழுதுந்தோறும் இனந்தெரியாத ஏக்கம் எழும். வகுப்பறையில் இதற்குச் சிவப்பு மையே கிடைக்கும். அவனுக்கோ அது பிழையன்று; காலம் முதியவராய் வந்து தன் கையைப் பிடித்து எழுதியது போன்றதோர் உணர்வு.

1938 இன் தொடக்கத்தில், இந்தியப் பயணத்தின்போது, யுங் இலங்கைக்கும் வந்தார். கண்டித் தலதா மாளிகையின் மாலைப் பூசையில், இளையோர் மல்லிகை மலர்களைக் குவித்து மெல்லிய குரலில் ஏதோ ஓதக் கண்டு, புத்தரை வேண்டுகின்றனர் என எண்ணினார். உடனிருந்த பிக்கு மறுத்தார். புத்தர் நிர்வாணம் எய்திவிட்டமையால் அவரை வேண்டுதல் இயலாது என்றும், இம்மலர்களின் அழகைப் போல் வாழ்வும் நிலையாதது என்றே அவர்கள் பாடுகின்றனர் என்றும் விளக்கினார். கிழவனாகவும் காலனாகவும் அச்சுறுத்தும் காலம் இங்கே மலராக நின்றது. ஆண்டுகள் பல சென்றபின்னும் யுங் அதை மறந்தாரில்லை.

சூரிச் ஏரியின் மேற்பகுதிக் கரையிலே பொல்லிங்கன் என்னும் ஊரில், தாய் இறந்த 1923 ஆம் ஆண்டில், அவர் கல்லாலான கோபுர வீடொன்றைக் கட்டத் தொடங்கினார். அங்கே மின்சாரம் வைத்துக்கொள்ளவில்லை. 1950 இல் மதிலொன்றுக்கு முக்கோண மூலைக்கல் கேட்டிருக்க, சதுரப் பாளக் கல்லொன்று வந்து சேர்ந்தது. கொத்தனார் சினந்து திருப்பியனுப்ப முனைந்தார். யுங்கோ அது தமக்கே உரியது என்று கூறி நிறுத்திக்கொண்டார். அக்கல்லின் ஒரு முகத்தில், போர்வையணிந்து விளக்கேந்திய சிற்றுருவம் ஒன்றைச் செதுக்கினார். காலமென்பது காய் நகர்த்தி விளையாடும் குழந்தை என்னும் எராக்கிளீற்றசின் கருத்தை, கிரேக்க மொழியில் அதனைச் சுற்றிப் பொறித்தார். அப்போது அவருக்கு வயது 75.

பதினொரு வயதில் முதியவராய்த் தோன்றிய காலம் முதுமையிற் குழந்தையாய்த் தோன்றியது வியப்பே. ஆனால் ஓர் ஐயமும் எழுகிறது. பள்ளிப்பருவத்து முதியவரைப் பற்றி நமக்குக் கூறுபவரும் எண்பது வயது முதியவரே அல்லரோ? அச்சிறுவன் அன்று கண்டதை இன்று பிரித்தறிய வழியில்லை. தன்வரலாறு எதிலும் இச்சிக்கல் உண்டு; தம் கதை தமக்கே உரிய புராணம் என்று முன்னரே ஒப்புக்கொண்டதால் யுங் பெரிதும் தப்பித்துக்கொள்கிறார்.

1955 இல் அவர் மனைவி எம்மா காலமானார். அதன் பின்பே, இரு கோபுரங்களுக்கிடையே தாழ்ந்து மறைந்திருந்த நடுப்பகுதி தாமே என்பதை அவர் உணர்ந்து, அதன்மேல் ஒரு மாடி எழுப்பினார். மனைவி வாழ்ந்த நாளில் அவ்வாறு செய்யத் தமக்கு மனம் வந்திராது என்று நூலிற் குறிப்பிடுகிறார்.