பட்டியலில் இருந்த பெயர் ஏன் தேடலில் வரவில்லை?

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, “இல்லையம்மா, இதில உங்கட மகன்ர பேர் இல்லை” என்று சொன்னேன். நான் சொன்னது பிழை. பெயர் இருந்தது. பல மாதங்கள் கழித்துத்தான் அது எனக்குத் தெரியவந்தது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களோடு பேசி எழுதத் தொடங்கிய நாளிலிருந்து என்னிடம் காகிதங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. குடும்பங்கள் பிரதியெடுத்துத் தந்த முறைப்பாட்டுக் கடிதங்கள், உள்ளூர் அமைப்புகள் தயாரித்த பட்டியல்கள், பத்திரிகைத் துணுக்குகள், எனது சொந்த நேர்காணல் குறிப்புகள். இவற்றை நானும் இரண்டு மாணவர்களும் தட்டச்சு செய்து கணினியில் ஏற்றினோம். தேடுவதற்கு ‘அப்பாச்சி சோலர்’ என்ற இலவச மென்பொருளை நிறுவினோம். (சூரிய மின்சாரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஊரில் பெயரைச் சொன்னால் கூரையைத்தான் பார்க்கிறார்கள்.) இது ஜாவா மொழியில் எழுதப்பட்டது. 2004இல் யோனிக் சீலி என்பவர் சிநெட் நிறுவனத்தில் உருவாக்கி, 2006இல் அப்பாச்சி அமைப்பிடம் சேர்ந்தது. பெரிய நிறுவனங்களும் பல்கலைக்கழக நூலகங்களும் தங்கள் ஆவணங்களைத் தேடப் பயன்படுத்துகிற அதே பொறி, ஒரு பழைய மடிக்கணினியிலும் ஓடும்.

அந்த அம்மாவின் மகனுடைய பெயரை இங்கே மாற்றுகிறேன், எழுத்துச் சிக்கலை மட்டும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். பெயர் கௌரீசன் என்று இருக்கட்டும். நான் தேடியது ‘கௌரீசன்’. ஆவணத்தில் இருந்தது ‘கெளரீசன்’. இரண்டையும் கண்ணுக்கு எதிரே வைத்தாலும் பெரும்பாலானோருக்கு வேறுபாடு தெரியாது. முதலாவதில் ‘கௌ’ ஒரே எழுத்து. இரண்டாவதில் ‘கெ’ என்பதற்குப் பக்கத்தில் ‘ள’ தட்டப்பட்டிருக்கிறது. மனிதக் கண் இரண்டையும் ஒன்றாக வாசிக்கும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். அது பூச்சியம் விடைகள் என்று காட்டியது, நான் இல்லை என்று சொன்னேன்.

இது தட்டச்சுப் பிழை என்று தள்ளிவிடக்கூடிய விடயம் அல்ல. எங்கள் மக்களின் பெயர்கள் எத்தனை தடவை எத்தனை கைகளால் எழுதப்பட்டிருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். 2010இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காணாமல்போனோர் பற்றிய அலுவலகம் என்று ஒரே தாய் ஒரே மகனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பெயர் ஒரு தடவை தமிழில், ஒரு தடவை ஆங்கிலத்தில், ஒரு தடவை சிங்களத்தில் கேட்டு எழுதப்பட்டு, பிறகு மறுபடி தமிழுக்கு வந்திருக்கும். ஸ்ரீதரன் சிறீதரன் ஆவார், சிறிதரன் ஆவார். யோகராஜா யோகராசா ஆவார். ரஜீவன் றஜீவன் ஆவார். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பெயர்களில் அஹமட், அகமது, அஹ்மத் மூன்றும் ஒரே வீட்டு ஆவணங்களிலேயே இருக்கும். ‘ஸ்ரீ’யை ஒரே மாதிரி எழுதினாலும்கூடத் தப்ப முடியாது. யூனிகோடில் அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ‘ஸ’வில் தொடங்குவது ஒன்று, 2005இல் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்குவது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒரே தோற்றம்.

இதைச் சோலருக்குக் கற்பிக்கத்தான் பிளகின் தேவைப்பட்டது. பிளகின் என்றால் செருகுநிரல். மென்பொருளின் மூல நிரலைத் தொடாமல், அது விட்டுவைத்திருக்கும் ஒரு இடைவெளியில் எங்கள் சிறு நிரலைச் செருகிவிடுவது. சோலர் ஒரு ஆவணத்தை உள்ளே எடுக்கும்போது, எழுத்துகளைச் சீராக்கி, சொற்களாக வெட்டி, ஒவ்வொரு சொல்லையும் வரிசையாகப் பல வடிகட்டிகளுக்குள்ளால் அனுப்பி, கடைசியில் வருவதைச் சுட்டியில் எழுதிவைக்கிறது. நீங்கள் தேடும் சொல்லையும் அதே வடிகட்டிகளுக்குள்ளால் அனுப்புகிறது. இரண்டும் முடிவில் ஒரே வடிவத்துக்கு வந்தால் விடை கிடைக்கும். அந்த வரிசையில் எங்களுடைய வடிகட்டி ஒன்றையும் சேர்க்கலாம்.

வவுனியாவைச் சேர்ந்த, கொழும்பில் மென்பொருள் வேலை செய்யும் நண்பர் ஒருவரிடம் கேட்டேன். அவர் முதலில் சொன்னது, “மச்சான், கோட் எழுதாமல் முடிக்கேலுமெண்டால் எழுதாத.” அது நல்ல புத்திமதி. யூனிகோட் இயல்பாகவே ஒன்றென்று கருதும் வடிவங்களைச் சேர்க்கவும், எழுத்துக்கு எழுத்து மாற்றவும் சோலரில் ஏற்கெனவே வசதி இருக்கிறது. இடது பக்கம் பழையது, வலது பக்கம் புதியது என்று ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும். ‘ஶ்ரீ’யும் ‘ஜ’வும் ‘ற’வும் அப்படியே தீர்ந்தன.

‘கெள’ அப்படித் தீரவில்லை. ‘ெ’க்குப் பிறகு ‘ள’ வந்தால் ‘ௌ’ ஆக்கு என்று எழுதியதும் ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் சிதைந்து போயின. ஆகவே விதி இப்படி மாறியது: அந்த ‘ள’வுக்குப் பிறகு புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் தொடாதே, வெறும் ‘ள’வாக நின்றால் மட்டும் மாற்று. ‘கெளரி’ கௌரியாகும், ‘வெள்ளி’ வெள்ளியாகவே இருக்கும்.

அடுத்தது முதலெழுத்து. பட்டியலில் ‘கந்தசாமி கௌரீசன்’ என்றிருக்கும், தேடுபவர் ‘க. கௌரீசன்’ என்று கேட்பார், இன்னொரு கடிதத்தில் ஆங்கில வழக்கப்படி ‘கே. கௌரீசன்’ என்று இருக்கும். எங்கள் வடிகட்டி ‘கந்தசாமி’ என்ற சொல்லைக் கண்டால், அதே இடத்தில் ‘க’, ‘கே’ இரண்டையும் சேர்த்து வைக்கிறது. ஆயத்தமாகக் கிடைத்தவற்றில் இதற்குப் பொருத்தமான ஒன்றை நாங்கள் காணவில்லை. இங்கேதான் ஜாவா எழுத வேண்டியிருந்தது.

அளவில் அது சிறியது. இரண்டே வகுப்புகள். ஒன்று வேலையைச் செய்யும் வடிகட்டி, மற்றது சோலர் கேட்கும்போது அந்த வடிகட்டியை உருவாக்கிக் கொடுக்கும் ஃபேக்டரி. மேவன் என்ற கருவியால் இரண்டையும் கட்டி ஒரு ‘ஜார்’ கோப்பாக்கினோம். லூசீன், சோலர் நூலகங்களை ‘புரொவைடட்’ என்று குறித்தோம். அதாவது, அவை ஏற்கெனவே அந்த இயந்திரத்தில் இருக்கின்றன, எங்கள் ஜாருக்குள் இன்னொரு பிரதி வேண்டாம் என்பது. இதை மறந்தால் ஒரே வகுப்பின் இரண்டு பிரதிகள் மோதிக்கொள்ளும். ஜார் கோப்பைச் சோலரின் ஹோம் கோப்புறைக்குள் ‘லிப்’ என்ற கோப்புறையில் வைத்து, ஸ்கீமா கோப்பில் பெயர்ப் புலத்துக்கு எங்கள் ஃபேக்டரியின் முழுப் பெயரைச் சேர்த்து, சோலரை நிறுத்தி மறுபடி தொடக்க வேண்டும்.

சொல்ல ஒரு பந்தி. செய்ய மூன்று வார இறுதிகள் போயின.

முதல் நாள் சோலர் எழும்பவே இல்லை. நண்பர் ஜாவா 17இல் கட்டி அனுப்பியிருந்தார், என் கணினியில் இருந்தது ஜாவா 11. பதிவேட்டில் 61, 55 என்று இரண்டு எண்களைச் சொல்லி அழுதது. அவை அந்த இரண்டு ஜாவாக்களின் கோப்புப் பதிப்பு எண்கள். அதைத் திருத்தியதும் அடுத்த பிழை: வகுப்பைக் காணவில்லை. அவர் சோலர் 8ஐ வைத்து எழுதியிருந்தார், நான் வைத்திருந்தது 9. இடையில் அந்த ஃபேக்டரியின் தாய் வகுப்பை வேறொரு பொதிக்கு மாற்றியிருந்தார்கள். பிளகின் எழுதும்போது முதலில் கேட்கவேண்டியது எந்தப் பதிப்பு என்பதைத்தான்.

மூன்றாவது பிழைதான் பொல்லாதது, ஏனென்றால் அது பிழையென்று தன்னைக் காட்டவே இல்லை. எல்லாம் ஏறியது, பதிவேடு சுத்தமாக இருந்தது, ஆனால் ‘கெளரி’ கெளரியாகவே நின்றது. நிரலுக்குள் தமிழ் எழுத்துகளை நேரடியாக எழுதியிருந்தோம். திருத்திய பிரதியை நான் என் விண்டோஸ் கணினியில் கட்டினேன். 2022இல் வந்த ஜாவா 18க்கு முந்திய பதிப்புகள், தனியாகச் சொல்லாவிட்டால், அந்தந்தக் கணினியின் எழுத்துக்குறி முறையையே எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் அது பெரும்பாலும் யூடிஎஃப்-8 அல்ல. எங்கள் ‘ள’ கட்டப்படும்போதே குப்பையாகிவிட்டது. தமிழுக்கு நிரல் எழுதுபவர்கள் எழுத்துகளை யூனிகோட் எண்களாகக் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. மேவனில் மூல எழுத்துக்குறி யூடிஎஃப்-8 என்றும் எழுதிவையுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது சோலரின் நிர்வாகப் பக்கத்திலுள்ள ‘அனலைசிஸ்’ திரை. ஒரு பெயரைக் கொடுத்தால் அது ஒவ்வொரு வடிகட்டியிலும் எப்படி மாறுகிறது என்று படிப்படியாகக் காட்டும். புதிய பிளகினை உண்மையான ஆவணங்களில் விடுவதற்கு முன் நூறு பெயர்களையாவது அதில் போட்டுப் பாருங்கள். இன்னொன்று: பிளகினை மாற்றினால் பழைய சுட்டி தானாக மாறாது. எல்லா ஆவணங்களையும் திரும்ப ஏற்ற வேண்டும். நான் ஒருநாள் முழுவதும் அதைச் செய்யாமல் பிளகினைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பெயர்கள் கிடைக்கத் தொடங்கியதும் பேராசையும் வந்தது. ல, ள, ழ மூன்றையும் சேர்த்தோம். குறில், நெடில் வேறுபாட்டையும் தளர்த்தினோம். உடனே குமரனும் குமாரனும் ஒரே ஆளாகிவிட்டார்கள். புத்தகக் கடைத் தேடலில் இது பரவாயில்லை. எங்கள் இடத்தில் அப்படியல்ல. தவறான ஒரு ‘இருக்கிறது’, தவறான ‘இல்லை’யை விடக் கொடுமையானது. அந்த விதிகளைத் திரும்ப எடுத்தோம். மூல ஆவணத்தில் எழுதியிருந்தபடியே பெயரை ஒரு புலத்திலும், வடிகட்டிய வடிவத்தை வேறொரு புலத்திலும் வைக்கிறோம். மூல எழுத்தை ஒருபோதும் திருத்துவதில்லை. திரையில் முதலில் அச்சொட்டாகப் பொருந்துபவை வரும், கீழே ‘ஒத்த பெயர்கள்’ என்று மற்றவை வரும். கிராமமும் பிறந்த ஆண்டும் பார்த்து ஆள் யாரென்று தீர்மானிப்பது நாங்கள்தான். தமிழ் வேற்றுமை உருபுகளை வெட்டும் அனலைசர் லூசீனிலேயே இப்போது உண்டு. ‘கிளிநொச்சியில்’ என்பதைக் ‘கிளிநொச்சி’ என்று தேட அது நல்லது. பெயர்ப் புலத்தில் அதை நான் வைக்கவில்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. பிளகின் ஒன்று உள்ளே போனபின் சோலருக்கு உள்ள அதிகாரம் அதற்கும் உண்டு. எல்லா வாக்குமூலங்களையும் அது வாசிக்கும். ஆகவே இணையத்தில் கிடைக்கும் ஜார் கோப்பை, மூல நிரல் பார்க்காமல் ஏற்றாதீர்கள். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் வெளிவந்த ஓட்டை நினைவிருக்கலாம். பதிவேட்டில் எழுதப்படும் ஒரு வரியின் வழியாகவே வெளியாள் உள்ளே நுழைய முடிந்தது. சோலரும் பாதிக்கப்பட்டது, 8.11.1 பதிப்பில் திருத்தினார்கள். எங்கள் கணினி இணையத்தோடு இணைக்கப்படுவதில்லை, வன்தட்டு முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது.

ஆனால் எனக்குத் திக்கென்றது வேறொன்று. சோலர் இயல்பாகவே ஒவ்வொரு தேடலையும் பதிவேட்டில் எழுதிவைக்கிறது. யார் பெயரை எப்போது தேடினோம் என்பது எங்களுக்குத் தெரியாமலே ஒரு கோப்பாகச் சேர்ந்துகொண்டிருந்தது. யார் எங்கே போனார்கள், யாரிடம் பேசினார்கள் என்று விசாரிக்கப்பட்டே பழகிய சமூகத்தில், அந்தக் கோப்பே ஒரு பட்டியல்தான். பதிவின் அளவை எச்சரிக்கைகளுக்கு மட்டும் என்று குறைத்தோம், பழையதை அழித்தோம்.

எல்லாம் சரியானபின் முதலில் தேடியது அந்தப் பெயரைத்தான். கிடைத்தது புதிய தகவல் அல்ல. 2011இல் அந்த அம்மாவே ஓர் உள்ளூர் அமைப்பிடம் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி அது. வீடு மாறியதில் அவரிடம் இருந்த பிரதி தொலைந்துபோயிருந்தது. மகனைக் கடைசியாகக் கண்ட திகதியும் இடமும் அதில் இருந்தன. இப்போது அவருக்கு இடம் நினைவிருக்கிறது, திகதியில்தான் தடுமாறுகிறார்.

அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முந்தி இல்லை என்று சொன்னது என் பிழை என்றும் சொன்னேன். அவர் திகதி இருந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “அப்ப தம்பி, நீங்கள் இல்லையெண்டு சொன்ன மற்ற ஆக்கள்?”

என் குறிப்புப் புத்தகத்தில் அவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அன்று பின்னேரமே முதலாவது பெயரிலிருந்து மறுபடி தேடத் தொடங்கினேன்.