பத்தாம் எண் சட்டை

கால்பந்துப் போட்டி நடைபெறும் நாளில் கொல்கத்தாவின் பாலிகஞ்ச் ரயில் நிலையத்தில் நின்று பார்த்தவர்கள் அக்காட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். தெற்கே ஜாதவ்பூர், பாகாஜதீன் பக்கமிருந்து சியால்டா நோக்கி வரும் மின்ரயில்களில் சிவப்பும் பொன்னிறமும் கலந்த கொடிகள் அசையும். வாலிபர் மாத்திரமல்ல, தலைநரைத்த பெரியவர்களும் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டு முழக்கமிடுவர். அவர்கள் ஈஸ்ட் பெங்கால் அணியின் ரசிகர்கள். அந்த அணி வென்றால் கரியாஹாட் சந்தையில் இலிஷ் எனப்படும் உல்லம் மீனின் விலை ஏறும். எதிரணியாகிய மோகன் பகான் வென்றால் இறாலின் விலை ஏறும் என்று இந்நகரத்தார் வேடிக்கையாய்ச் சொல்வதுண்டு.

சிரித்து ஆர்ப்பரிக்கும் இந்த ரசிகர்களின் நெஞ்சில் ஆறாத துக்கம் ஒன்றும் உண்டு. அவர்கள் ஊரைச் சேராத, அவர்கள் மொழியில் பிறவாத ஒரு வாலிபரைக் குறித்த துக்கம் அது.

தூரதேசத்திலிருந்து வந்தவர்

1947-ல் தேசம் பிரிக்கப்பட்டபோது, கிழக்கு வங்காளத்தில் வீடுவாசலை இழந்து வந்த திரளான குடும்பங்கள் தென்கொல்கத்தாவில் காலனிகள் அமைத்துக் குடியேறின. புதிய இடத்தில் அந்நியராய் எண்ணப்பட்ட அவர்களுக்கு, 1920-ல் தொடங்கப்பட்ட ஈஸ்ட் பெங்கால் கழகமே சொந்த ஊரின் அடையாளமாய் நின்றது.

அத்தகைய ரசிகர்களின் முன்பாகப் பிரேசில் தேசத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து நின்றவரே கிறிஸ்டியானோ ஜூனியர். 2003-04 தேசியக் கால்பந்து லீக் போட்டிகளில் அவர் 15 கோல்கள் அடித்தார். அந்தப் பருவத்தில் அவரைவிட அதிகக் கோல் அடித்தவர் எவருமில்லை. ஈஸ்ட் பெங்கால் சாம்பியன் பட்டம் வென்றது. அகதிகளாய் வந்தவர்களின் பிள்ளைகள் அந்தப் பரதேசியைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார்கள். வேலையினிமித்தம் ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு இதன் அருமை தெரியும் அல்லவா? அந்நிய நகரத்தில் நம்மைப் பெயர்சொல்லி அன்போடு அழைக்க நான்குபேர் கிடைப்பது எத்தனை பெரிய ஆறுதல்!

அடுத்த பருவத்தில் அவர் கோவாவின் டெம்போ அணிக்குச் சென்றார். 2004 டிசம்பர் 5 அன்று பெங்களூரு ஸ்ரீ கண்டீரவா அரங்கில் ஃபெடரேஷன் கோப்பையின் இறுதிப்போட்டி. எதிரணி மோகன் பகான். முதல் கோலை ஜூனியரே அடித்தார். இரண்டாவது கோலை அடித்த கணத்தில் எதிரணியின் கோல்கீப்பரோடு மோதிக் கீழே விழுந்தார். பந்து வலைக்குள் சென்றது, அவரோ எழுந்திருக்கவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டும் உயிர் திரும்பவில்லை. வயது 25. டெம்போ 2-0 என்று வென்றது. ஆனால் அந்தக் கோப்பையைக் கையில் ஏந்தி மகிழ யாருக்கு மனம் வரும்? அவர் அணிந்த பத்தாம் எண் சட்டையை இனி எவருக்கும் கொடுப்பதில்லை என்று அக்கழகம் முடிவு செய்தது.

துக்கம் கோபமாகும்போது

பிரியமானவர்களே, துக்கம் தனியே வருவதில்லை. யாரைக் குற்றப்படுத்தலாம் என்ற கேள்வியையும் கூட்டிக்கொண்டே வருகிறது. அந்தக் கோல்கீப்பர் சுப்ரதா பால் அப்போது ஓர் இளம்வாலிபர். அந்த மோதல் தொலைக்காட்சியில் காட்டப்பட்டபோது கடுஞ்சொற்கள் அவர்மேல் பாய்ந்தன. கால்பந்துச் சம்மேளனம் அவரைச் சில காலம் விளையாடாதபடி தடைசெய்தது.

ஒரு தாய் தன் பிள்ளையை இழந்தாள் என்று அழுகிறவர்கள், இன்னொரு தாயின் பிள்ளையும் அன்றைக்கே அழிந்துபோக வேண்டும் என்று விரும்பலாமா? அவர் அழிந்துபோகவில்லை. 2007-ல், ஜூனியரை நேசித்த அதே ஈஸ்ட் பெங்கால் அணிக்கே கோல்கீப்பராய் வந்து சேர்ந்தார். 2011-ல் தோஹாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியாவின் கோலைக் காத்து நின்று பாராட்டுப் பெற்றார். 2016-ல் அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. அந்த இளவயதோடு அவர் வாழ்வு முடிந்துபோயிருந்தால், யாருக்கு என்ன லாபம்?

கொல்கத்தாவிலேயே 2015 ஏப்ரல் 17 அன்று மற்றொரு துயரம் சம்பவித்தது. ஈஸ்ட் பெங்கால் கிரிக்கெட் அணியின் அங்கித் கேஷ்ரி, ஒரு கேட்சைப் பிடிக்க ஓடுகையில், அதே பந்துக்காக ஓடிவந்த தன் அணியின் பந்துவீச்சாளரோடு மோதி விழுந்தார். மூன்று நாட்களுக்குப்பின் மருத்துவமனையில் மரித்தார். வயது 20. அங்கே யாரைக் கோபிப்பது? மோதினவரும் தோழரே. மரித்தவருக்காக அழுகிற அதே கண்கள், உயிரோடிருந்து தவிக்கிறவரையும் பார்க்கவேண்டும்.

கைகளால் நினைவுகூருதல்

அமெரிக்காவில் லயோலா மேரிமவுண்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரர் ஹாங்க் காதர்ஸ், 1990 மார்ச் 4 அன்று போட்டியின் நடுவே விழுந்து மரித்தார். வயது 23. வலக்கைக்காரராகிய அவர், ஃப்ரீ த்ரோ சரியாய் விழாததால் அதை மாத்திரம் இடக்கையால் எறிந்து பழகியவர். அவரோடு சிறுவயது முதல் விளையாடிய போ கிம்பிள், அடுத்து வந்த தேசியப் போட்டியின் ஒவ்வோர் ஆட்டத்திலும் தமது முதல் ஃப்ரீ த்ரோவை இடக்கையால் எறிந்தார். நான்கு ஆட்டங்கள், நான்கு எறிதலும் கூடைக்குள் விழுந்தன. நண்பனின் நினைவை அவர் தம் கையில் சுமந்தார்.

ஆனால் அந்தச் சரித்திரத்தில் ஓர் எச்சரிப்பும் உண்டு. 1989 டிசம்பரிலேயே காதர்ஸ் ஒருமுறை ஆடுகளத்தில் மயங்கி விழுந்திருந்தார்; இதயத் துடிப்பில் கோளாறு கண்டறியப்பட்டு மருந்தும் கொடுக்கப்பட்டது. பெற்றோரே, ஓடும்போதோ விளையாடும்போதோ உங்கள் பிள்ளை மயங்கி விழுந்தால் “வெயில்தான் காரணம்” என்று விட்டுவிடாதிருங்கள். இதய மருத்துவரிடம் கொண்டுபோய் ஈசிஜி, எக்கோ பரிசோதனைகள் தேவையா என்று கேளுங்கள்.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சனும் ஆடுகளத்தில் விழுந்தார், இதயம் நின்றுபோயிற்று. உடனே மார்பை அழுத்தினார்கள். மின்னதிர்வுக் கருவியைப் பயன்படுத்தினார்கள். அவர் பிழைத்து, மறு ஆண்டே ஆடுகளத்திற்குத் திரும்பினார்.

இதை நாமும் கற்றுக்கொள்ளலாம். விழுந்தவர் அழைத்தால் அசையாமலும், இயல்பாய் மூச்சுவிடாமலும் இருந்தால் ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். மற்றொருவர் உள்ளங்கையின் அடிப்பகுதியை மார்பின் நடுவில் வைத்து, மறுகையை அதன்மேல் கோத்து, இரண்டு அங்குல ஆழத்திற்கு, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை விடாமல் அழுத்தட்டும். உதவி வந்துசேரும் வரை நிறுத்தவேண்டாம். நம் வாலிபர் கூட்டங்களில் ஒரு மருத்துவரையோ செவிலியரையோ அழைத்து இதைப் பயிற்றுவிக்க ஒரு மாலைப்பொழுது போதும்.

பாலிகஞ்ச் வழியே செல்லும் ரயில்களில் கொடிகள் இன்னும் அசைகின்றன. கோவாவில் ஒரு பத்தாம் எண் சட்டை மடித்து வைக்கப்பட்டுவிட்டது. மரித்தவருக்கு நாம் இனிக் கொடுக்கக்கூடியது ஒன்றுமில்லை. அவர்மேல் வைத்த அன்பை, அருகில் உயிரோடிருக்கிறவருக்கே கொடுக்கமுடியும். பழி சுமந்து நிற்கிறவனுக்கு ஒரு நல்வார்த்தை. விழுந்துகிடக்கிறவனுக்கு இரண்டு கைகள். இவ்விரண்டையும் கொடுக்க நாம் ஆயத்தமா?