யாழ் பல்கலைக்கழகம் எங்கே வளர வேண்டும்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் வெறுநிலத்தில் வரைபடம் போட்டு எழுப்பப்பட்டதல்ல. 1974 ஒக்டோபர் 6ஆம் திகதி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகமாக அது தொடக்கிவைக்கப்பட்டபோது, சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியே அதற்கு இடம் கொடுத்தது. விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பகுதியில் நடந்தன. 1979இல் தனிப் பல்கலைக்கழகமான பின்னும் அது ஓரிடத்தில் அடங்கவில்லை. இன்று நுண்கலை மருதனார்மடத்திலும், சித்த மருத்துவம் கைதடியிலும், விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் ஆகியவை கிளிநொச்சி அறிவியல் நகரிலும் கற்பிக்கப்படுகின்றன. இப்படிச் சிதறிக் கிடப்பதைக் குறை என்று சொல்பவர்கள் பலர். என் எண்ணம் மறுவளமானது: எல்லாவற்றையும் திருநெல்வேலிக்குள் திணிப்பதுதான் பிழையாகும்.

முதல் காரணம் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மாரி மழைதான் கிணற்றுக்கு வருகிறது. வெடிப்பும் துளையும் நிறைந்த அந்தக் கல் மழைநீரை வாங்கிக்கொள்வதுபோலவே மலக்குழிக் கழிவையும் தோட்டத்து உரத்தையும் தடையில்லாமல் கீழே விடும். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று பாதுகாப்பான அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. வீடும் தோட்டமும் கடையும் நெருங்கிய திருநெல்வேலி, கோண்டாவில், கொக்குவில் பகுதியில் மாடிமேல் மாடியாகக் கட்டிக்கொண்டே போனால், ஆயிரக்கணக்கானவர்களின் கழிவு இறங்கும் அதே கல்லிலிருந்துதான் அவர்களுக்கான குடிநீரும் ஏறும். கட்டிடத்தின் சதுர அடியைக் கணக்கிடுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட வேண்டும். அதோடு, படிப்புக்கும் இடத்துக்கும் உறவு உண்டு. விவசாய பீடம் 1990இல் கிளிநொச்சியில் தொடங்கியது காரணத்தோடுதான்: இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல் அங்கே உண்டு. போர் அதைத் திருநெல்வேலிக்குத் துரத்தியது. போர் முடிந்தபின் அது தன் மண்ணுக்குத் திரும்பியது. மருத்துவ மாணவருக்குப் போதனா வைத்தியசாலை எப்படியோ, விவசாய மாணவருக்கு வயல் அப்படி.

பேராதனைப் பல்கலைக்கழகத்தைப் பாருங்கள் என்பார்கள். அதன் முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் மனதில் இருந்தது மாணவர் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். 1952இல் அது மகாவலிக் கரைக்குப் பெயர்ந்தபோது விரிந்த நிலமும் விடுதிகளும் அதற்கு வாய்த்திருந்தன. அந்த அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வளவு நிலத்தை இங்கே யாரிடமிருந்து எடுப்பது? செம்மண் தோட்டங்களை அழித்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தமிழ் படிக்கிறவரும் பொறியியல் படிக்கிறவரும் ஒருவரையொருவர் காணாமலே பட்டம் பெற்றுப் போனால் அதைப் பல்கலைக்கழகம் என்று எப்படிச் சொல்வது? யாழ்ப்பாணத்துக்கும் அறிவியல் நகருக்கும் இடையே 60 கிலோமீற்றருக்கு மேல் இருக்கிறது. பிரதான நூலகம் ஒரு பக்கம், ஆய்வுகூடம் மறுபக்கம். இது உண்மையான இழப்பு. அதை மூடிமறைக்கக் கூடாது. ஆனால் கட்டிடங்களை ஒன்றாகக் குவித்தால் மட்டும் அது தீராது. தூர மாவட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் வளாகத்தைச் சுற்றிய வீடுகளில் அறை எடுத்துத் தங்குகிறார்கள். விரிவுரை முடிந்ததும் அவரவர் அறைக்குப் போய்விட்டால், ஒரே மதிலுக்குள் படித்தாலும் அந்நியர்தான். சந்திப்பு நடக்க வேண்டுமென்றால் விடுதி வேண்டும். இரவிலும் திறந்திருக்கும் வாசிப்பு அறை வேண்டும். உணவகமும் மைதானமும் வேண்டும். அறிவியல் நகருக்கெனப் புகையிரத நிலையமே இருக்கிறது. விரிவுரை நேரத்தோடு புகையிரத நேரத்தையும் பல்கலைக்கழக பஸ்ஸையும் பொருத்துவதற்குப் புதிய மாடி தேவையில்லை.

கல்வெட்டுத் திறப்பதற்கு விரிவுரை மண்டபம் வசதியானது. விடுதிக்கும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் அந்தப் பெருமை கிடைப்பதில்லை. நிதி ஒதுக்குகிறவர்களும் வெளிநாட்டிலிருந்து உதவ விரும்பும் பழைய மாணவர்களும் இதை நினைவில் கொள்ள வேண்டும். அடுத்த தொகை கிளிநொச்சி விடுதிகளுக்கும் நூலகத்துக்கும், திருநெல்வேலியின் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் போகட்டும்.