யாப்பகூவாக் கற்கோட்டை

அட்டன், நுவரெலியாத் தோட்டப் பகுதிகளிலிருந்து புகைவண்டியில் வடக்கே செல்வோர், பொல்காவலையில் வண்டி மாறிக் குருநாகலைக் கடந்து மாகோச் சந்தியை அடைவர். அங்கிருந்து சில கல் தொலைவில், சமவெளியின் நடுவே ஏறக்குறைய 300 அடி உயரமுள்ள பாறையொன்று தனித்து நிற்கின்றது. அதுவே யாப்பகூவா. சூளவம்சம் இதனைச் சுபகிரி என்று வழங்கும்.

கலிங்க மாகன் 1215இல் பொலன்னறுவையைக் கைப்பற்றியபின் சிங்கள அரசர்க்கு வடசமவெளி பாதுகாப்பற்றதாயிற்று. அக்காலத்தில் சுபன் என்னும் சேனாபதி இப்பாறையிலே அரண் அமைத்தான். இது அரசிருக்கையானது பின்னரேயாகும். 1272 அளவில் மித்தன் என்னும் தளபதி சதிசெய்து, தம்பதெனியாவில் நான்காம் விஜயபாகுவைக் கொல்வித்து அரியணையேறினான். மன்னனின் தம்பி புவனேகபாகு தப்பியோடி யாப்பகூவாவை அடைந்தான். மித்தனோ படைவீரரைச் சம்பளத்தால் வசப்படுத்த முயன்றான். கூலிப்படையினரான ஆரியவீரரின் தலைவன் தாகூரகன், முதலிற் சிங்கள வீரர்க்கே கொடுக்கவேண்டுமென்று கூறிப் பணத்தை ஏற்க மறுத்தான். பின்னர், பேசவேண்டியதுண்டென்று அணுகி, அரியணையில் வீற்றிருந்தவனின் தலையைத் துணித்தான். இவ்வாறு முடிசூடிய முதலாம் புவனேகபாகு, சில ஆண்டுகளின்பின் இக்குன்றினையே தலைநகராக்கினான்.

பாறையின் ஏனைய பக்கங்கள் செங்குத்தானவை. தெற்கே மட்டும் சரிவுண்டு. ஆதலால் அப்பக்கத்திலேயே அகழிகளும் மதில்களும் பிறைவடிவில் அமைந்தன. சரிவின்மேல் ஏறும் கற்படிவரிசை கண்டார் வியக்கத்தக்கது. இருமருங்கும் சிங்கங்கள், வாயிலிலே ஆடலும் இசையும் நிகழ்த்துவோரின் சிற்பங்கள். பாண்டிநாட்டுச் சிற்பமுறையின் சாயல் இங்கே தெளிவாகத் தெரிகின்றது. ஒரே கல்லில் வட்டவட்டமாகத் துளைத்த சாளரமொன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கின்றது.

கோட்டைக்குள் ஒடுங்கிய அரசனல்லன் புவனேகபாகு. 1283இல் எகிப்து தேசத்துச் சுல்தானிடம் தூதனுப்பி, முத்தும் மணியும் யானையும் கறுவாவும் தன்னிடமுண்டென்று அறிவித்தான். அவன் திருமுகத்தைக் கெய்ரோவில் எவராலும் வாசிக்க இயலவில்லை. தூதுவரே வாயால் விளக்கவேண்டியதாயிற்று.

அவன் இறந்தபின் நாட்டிலே பஞ்சம் பரவியது. அவ்வேளையில் ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையில் பாண்டியர் சேனை வந்தது. அரணுட் புகுந்த படையினர் செல்வத்துடன் புத்தரின் தந்தத்தையும் கவர்ந்து, குலசேகர பாண்டியனிடம் சேர்ப்பித்தனர். செல்வமிழந்த அரசு மீண்டும் தேடிக்கொள்ளலாம், தந்தமோ அவ்வாறன்று. அதனை வைத்திருப்பவனே அரசுரிமையுடையான் என மக்கள் எண்ணிய காலம் அது. அடுத்து வந்த மூன்றாம் பராக்கிரமபாகு போருக்கெழாது, சில வீரருடன் தானே பாண்டிநாடு சென்றான். நாள்தோறும் குலசேகரனுடன் உரையாடி அவன் மனத்தை மகிழ்வித்துத் தந்தத்தைப் பெற்று, பொலன்னறுவைக்கு மீண்டான். படைகொண்டு மீட்டதினும் இச்செயல் அரிதென்று கூறத் தோன்றுகின்றது.

யாப்பகூவா மறுபடியும் தலைநகராகவில்லை. இராசதானி குருநாகலுக்கும், 1341 அளவில் மகாவலிக் கரையிலுள்ள கம்பளைக்கும், பின்னர் கோட்டைக்கும் கண்டிக்கும் பெயர்ந்தது. தந்தம் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் விமலதர்மசூரியன் காலத்தில் கண்டியை அடைந்தது.