கறவை எந்திரம் வீட்டுப் பசுவுக்கு ஏற்றதா?

பசுவின் மடியிலிருந்து பால் எப்படி வெளியே வருகிறது? "கறந்தால் வருகிறது, இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். சற்றுக் கூர்ந்து பார்ப்போம்.

காம்பின் நுனியில் ஒரு சிறு துளை உண்டு. அதைச் சுற்றி வளையம் போன்ற ஒரு தசை இருக்கிறது. சாதாரணமாக அந்தத் தசை துளையை இறுக மூடிவைத்திருக்கும். கறப்பவர் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் காம்பின் மேற்பகுதியை வளைத்து அடைத்துவிட்டு, மற்ற விரல்களை ஒன்றன்பின் ஒன்றாக மடக்குகிறார். காம்புக்குள் அகப்பட்ட பாலின் அழுத்தம் உயர்கிறது. துளை திறந்து பால் பீறிடுகிறது.

கன்று பெரும்பாலும் இதற்கு நேர்மாறான வழியைப் பின்பற்றுகிறது. வாயில் காம்பைக் கவ்வி உறிஞ்சும்போது, காம்பின் வெளியே உள்ள அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் பால் அழுத்தம் குறைந்த பக்கம் பாய்கிறது. ஆக, இரண்டு முறைகளிலும் பாலை வெளியேற்றுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள அழுத்த வேறுபாடே. கறவை எந்திரம் கன்றின் வழியைப் பின்பற்றும் கருவி.

கரிசல் சீமையில் இந்தக் கருவியைப் பற்றி நாம் தெரிந்துகொள்ளக் காரணம் உண்டு. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் வட்டாரங்களில் பெரும்பகுதி மானாவாரி நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் சோளம், கம்பு, உளுந்து, பாசி, பருத்தி எல்லாம் விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டிலும் வீட்டுக்குக் கொஞ்சம் காசு கொண்டு வருவது பால் மாடு. ஆனால் கறக்க ஆள் கிடைப்பது அரிதாகி வருகிறது. வீட்டில் கறந்துவந்த பெரியவருக்கு விரல் மூட்டில் வலி வந்துவிட்டால், "ஒரு மிஷின் வாங்கிவிட்டால் என்ன?" என்ற பேச்சு எழுகிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நமது பள்ளிப் பௌதிகமே பெரும்பாலும் போதும்.

உறிஞ்சினால் மட்டும் போதுமா?

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஊசி இல்லாத, புதிய, பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சு ஒன்றை எடுத்து, அதன் வாயை விரல் நுனியில் அழுத்திப் பிடித்து, பிஸ்டனை மெல்லப் பின்னால் இழுங்கள். அரை நிமிடம் கழித்து விடுங்கள். விரலில் தோல் சற்றுப் புடைத்துச் சிவந்திருக்கும். அழுத்தம் குறைந்த இடத்துக்கு இரத்தமும் ஓடிவந்து தேங்கியதே இதற்குக் காரணம்.

தொடக்க கால எந்திரங்கள் இந்தத் தவற்றைத்தான் செய்தன. 1879-இல் அமெரிக்காவில் அன்னா பால்ட்வின் என்ற பெண்மணி கைப்பம்பால் உறிஞ்சும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1889-இல் ஸ்காட்லாந்தில் வில்லியம் மர்ச்லண்ட் என்பவர் வெற்றிடத்தால் இயங்கும் எந்திரம் ஒன்றை அமைத்தார். இவை இடைவிடாமல் உறிஞ்சின. காம்பில் இரத்தம் தேங்கி, பசு வேதனைப்பட்டது. 1895-இல் கிளாஸ்கோ நகரத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷீல்ட்ஸ் உறிஞ்சலை விட்டுவிட்டு நிகழச் செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கில்லீஸ் என்பவர் இரட்டை அறை கொண்ட கிண்ணத்தை உருவாக்கினார். இன்றைய எந்திரத்தின் அடிப்படை அதுதான்.

இந்தக் கிண்ணத்தை உற்று நோக்குங்கள். வெளியே உறுதியான குழல். உள்ளே மெல்லிய ரப்பர் உறை. இதை லைனர் என்பார்கள். காம்பு லைனருக்குள் இருக்கும். லைனரின் உட்புறத்தில் எப்போதும் குறைந்த அழுத்தம். லைனருக்கும் வெளிக்குழலுக்கும் நடுவே உள்ள அறையில் மட்டும் பல்சேட்டர் என்னும் துடிப்புக் கருவி வெற்றிடத்தையும் சாதாரணக் காற்றையும் மாற்றி மாற்றி விடுகிறது. வெற்றிடம் வரும்போது லைனர் விரிந்து பால் பாய்கிறது. காற்று நுழையும்போது லைனர் சுருங்கிக் காம்பைப் பிடித்துவிடுகிறது. தேங்கிய இரத்தம் மேலே திரும்பிச் செல்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 60 தடவை இது நிகழ்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒன்றிரண்டு பசுக்கள் உள்ள வீட்டுக்கு ஒரு வாளியும் ஒரு கிண்ணத் தொகுதியும் கொண்ட சிறு எந்திரம் போதும். ஆனால் விலை குறைவு என்பதற்காகப் பல்சேட்டர் இல்லாத வெறும் உறிஞ்சு பம்பை வாங்கக் கூடாது. சிரிஞ்சுச் சோதனையை நினைவில் வையுங்கள்.

முதலில் வெற்றிடமானியைப் பாருங்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். கறவை எந்திரம் அதிலிருந்து சுமார் 40 முதல் 50 கிலோபாஸ்கல் வரை குறைக்கிறது. பாதரச அளவில் இது 300 முதல் 375 மில்லிமீட்டர். தயாரிப்பாளர் குறித்த அளவில் முள் அசையாமல் நிற்க வேண்டும். இதற்கு மேல் உயர்த்தினால் பால் கூடுதலாக வராது. காம்பு நுனிதான் காய்த்துப்போகும். குழாயில் சிறிது காற்றை உள்ளே விட்டு மூடினால், முள் விரைவில் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் பம்பின் திறன் போதவில்லை என்று பொருள்.

அடுத்து, ஓடும் எந்திரத்தின் கிண்ணத்துக்குள் உங்கள் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள். லைனர் பிடித்துவிடுவதும் விடுவதும் தெளிவாகத் தெரிய வேண்டும். கடிகாரத்தை வைத்து எண்ணுங்கள். வாளி துருப்பிடிக்காத எஃகால் ஆனதாகவும், மூலை முடுக்கு இல்லாததாகவும், கை உள்ளே செல்லும் அகலம் உள்ளதாகவும் இருக்கட்டும். லைனர் உங்கள் பசுவின் காம்பு அளவுக்குப் பொருந்த வேண்டும். எருமைக்கு வேறு லைனர் தேவைப்படும். உதிரி லைனர்கள் பக்கத்து ஊரிலாவது கிடைக்குமா என்றும் விசாரியுங்கள்.

மின்சாரத்தையும் மறக்கக் கூடாது. பசு ஈரத் தரையில் நான்கு குளம்புகளையும் ஊன்றி நிற்கிறது. செருப்பணிந்த நாம் உணராத சிறு மின்கசிவுகூட அதைத் துள்ள வைக்கும். ஆகவே மோட்டாருக்கு எர்த் இணைப்பு கட்டாயம். கோடையில் கரிசல் மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எர்த் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே அப்படி இடைவெளி விழுந்தால் மின்தடை கூடிவிடும். எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வர வேண்டும்.

பசு சம்மதிக்க வேண்டும்

மடிப் பாலில் பெரும்பகுதி காம்புக்கு மேலே எண்ணற்ற நுண்ணறைகளில் தங்கியிருக்கிறது. எவ்வளவு பலமாக உறிஞ்சினாலும் அது தானாக வராது. காம்பைத் தொட்டுத் துடைக்கும்போது நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையிலிருந்து ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலந்து மடிக்கு வந்து, நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைகளைச் சுருங்கச் செய்கிறது. பசு சுரப்பு விட்டது என்று நாம் சொல்வது இதைத்தான். இதற்கு ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் ஆகும். அதன் பின்னரே கிண்ணத்தை மாட்ட வேண்டும். ஹார்மோனின் வேகம் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஆகவே வெகுநேரம் காத்திருக்கவும் கூடாது.

பசு மிரண்டால் அட்ரினலின் சுரந்து இந்த வேலையைக் கெடுத்துவிடும். எனவே புது எந்திரத்தைச் சில நாட்கள் தீவனம் வைக்கும் வேளையில் தொழுவத்தின் அருகே வெறுமனே ஓடவிட்டுச் சத்தத்தைப் பழக்க வேண்டும். நாட்டுப் பசுக்கள் பல கன்று முட்டினால்தான் சுரப்பு விடும். கலப்பினப் பசுக்கள் கன்று இல்லாமலும் பழகிவிடும். அவசரப்பட்டுப் பசுவின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசி போட்டுப் பால் இறக்குவது, பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி குற்றமாகும்.

இதில் பணமும் அடங்கியிருக்கிறது. முதலில் வரும் பாலில் கொழுப்புக் குறைவு. கடைசியில் வரும் பாலில்தான் அதிகம். கூட்டுறவுச் சங்கத்தில் கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் பார்த்தே விலை தருகிறார்கள். சுரப்பு முழுதும் இறங்காமல் கறந்தால் அளவும் குறையும், விலையும் குறையும்.

கறக்கும் முறை

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்புகளை மட்டும் கழுவி, சுத்தமான உலர்ந்த துணியால் துடையுங்கள். மடி முழுவதையும் நனைத்தால் அழுக்கு நீர் கிண்ணத்துக்குள் வடியும். ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று நான்கு பீச்சலைக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் பீச்சிப் பாருங்கள். திரியோ கட்டியோ தெரிந்தால் அது மடிவீக்க நோயின் அடையாளம். அந்தப் பசுவை எந்திரத்தில் கறக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பால் நின்றதும் முதலில் வெற்றிடத்தை அடைத்து, பிறகே கிண்ணங்களைக் கழற்ற வேண்டும். பலவந்தமாகப் பிடுங்கக் கூடாது. வெறும் மடியில் எந்திரம் ஓடுவது காம்புக்குக் கேடு. கறந்தவுடன் காம்புகளை அதற்கென விற்கும் அயோடின் கரைசலில் தோய்த்தெடுங்கள். காம்புத் துளை முழுதும் மூட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை பசு சாணத்தில் படுக்காமலிருக்க, முன்னால் ஒரு கட்டுச் சோளத்தட்டை போட்டால் போதும், நின்றபடி தின்றுகொண்டிருக்கும்.

அழைக்காமல் வரும் உறைமோர்

ஒரு செம்பு பாலில் ஒரு துளி உறைமோர் விட்டால் மறுநாள் காலை தயிர். ஒரு துளியிலிருந்த நுண்ணுயிர்கள் இரவெல்லாம் பெருகியதன் விளைவு அது. எந்திரக் குழாயில் நேற்றைய பால் ஒட்டியிருந்தால் அதுவும் உறைமோர்தான். ஆனால் நல்ல நுண்ணுயிர்களோடு கெட்டவையும் அதில் இருக்கும். வெதுவெதுப்பான பாலில் ஒரு நுண்ணுயிர் அரைமணிக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று கொண்டால், 5 மணி நேரத்தில் அது 1,024 ஆகிவிடும். கணக்கிட்டுப் பாருங்கள்.

எனவே கறந்த கையோடு கழுவ வேண்டும். முதலில் வெதுவெதுப்பான நீர். கொதிநீரை முதலில் ஊற்றினால் பால் புரதம் உறைந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீர் கொழுப்பை இறுகச் செய்யும். இரண்டாவது, பால் பாத்திரங்களுக்கென உள்ள காரத் தூளைச் சுமார் 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் சூட்டு நீரில் கரைத்துக் குழாய்கள் வழியே உறிஞ்சச் செய்து, பிரஷால் தேய்க்க வேண்டும். மூன்றாவது, நல்ல தண்ணீரில் அலச வேண்டும். பிறகு தூசி படாத நிழலில், நீர் முழுதும் வடியும்படி தலைகீழாகத் தொங்கவிட வேண்டும்.

நம் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள் பலவற்றில் கடின நீர். சோப்பு நுரைக்காமல் திரிவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த நீரிலுள்ள கால்சியம் உப்புகள் பால் படிவோடு சேர்ந்து குழாயில் கல் போலப் படியும். அதில் நுண்ணுயிர்கள் பதுங்கும். வாரம் ஒருமுறை பால் கருவிகளுக்கான அமிலக் கரைசலால் இதை நீக்கலாம். அமிலத்தையும் பிளீச்சிங் பொடியையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் என்னும் நச்சு வாயு வெளிப்படும்.

லைனரிலும் ஒரு நுட்பம் உண்டு. ரப்பர் லைனர் ஏறத்தாழ 2,500 கறவை தாங்கும் என்பார்கள். ஒரே பசுவை நாளுக்கு இரண்டு முறை கறந்தால் ஆண்டுக்கு 730 கறவை. மூன்று ஆண்டுக்கு மேல் வரும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் கொழுப்பும் சூடும் காரமும் பட்டு ரப்பர் அதற்கு முன்பே தடித்து வெடித்துவிடும். ஆகையால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றுவது நல்லது.

வாங்கலாமா?

இனி முதல் கேள்விக்கு வருவோம். ஒரு பசுவை எந்திரம் 5 முதல் 7 நிமிடத்தில் கறந்துவிடும். நீர் காய்ச்சிக் கழுவி மாட்ட இன்னும் கால் மணி நேரமாவது ஆகும். கை தேர்ந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால், ஒரு பசுவுக்கு எந்திரம் நேரத்தை மிச்சப்படுத்தாது. கறக்கும் கைக்கு வலி வந்த வீட்டுக்கும், மூன்று நான்கு பசுக்கள் உள்ள வீட்டுக்கும் அது உதவும். நாலு வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்குவதாயின், ஒரு தொழுவத்தின் நோய் மறு தொழுவத்துக்குக் கிண்ணத்தின் வழியே போகும் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பசுவுக்கும் இடையே கிருமி நீக்கம் செய்ய முடியாவிட்டால் அந்தக் கூட்டு வேண்டாம். மின்சாரம் நின்றுபோகும் நாளுக்காகக் கைக்கறவைப் பழக்கமும் வீட்டில் இருக்க வேண்டும்.

மடிவீக்கத்தால் ஒரு காம்பு அடைபட்டுப்போனால் கால் பங்கு மடி போயிற்று. மழை இல்லாத ஆண்டில் அது ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவு. ஆகவே உங்கள் வீட்டில் எந்திரம் வாங்கினால், மாணவர்களாகிய நீங்கள் ஒரு வேலையை ஏற்றுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள்தோறும் வெற்றிடமானியின் அளவு, பல்சேட்டரின் துடிப்பு எண்ணிக்கை, பால் அளவு, லைனர் மாற்றிய தேதி ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். முள் இறங்கினாலோ, துடிப்பு தளர்ந்தாலோ, பால் காரணமின்றிக் குறைந்தாலோ அந்தப் பக்கங்களில் உடனே தெரிந்துவிடும். பசுவுக்கு நோய் முற்றுமுன் மருத்துவரை அழைத்துவிடலாம்.