மஞ்சள் கொடி சொல்வதும் சொல்லாததும்

தாய்லாந்தின் புக்கெட் தீவில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. 1825ஆம் ஆண்டளவில், வெள்ளீயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களை மகிழ்விக்கக் கத்து என்னும் ஊருக்கு நாடகக் குழு ஒன்று வந்தது. அங்கே குழுவினர் நோயுற்றனர். தம் நாட்டு வழக்கப்படி ஒன்பது பேரரசத் தெய்வங்களை வணங்கி, புலால் நீக்கிய உணவை உண்டு நோன்பிருந்தனர்; நோய் நீங்கியது என்பர். அந்நோன்பு இன்று சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் விழாவாக நடைபெறுகிறது. பாங்காக்கின் சீலோம் சாலையில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலின் நவராத்திரியும் இதுவும் அமாவாசையை ஒட்டித் தொடங்குவதால், பல ஆண்டுகளில் ஒரே நாட்களில் அமைகின்றன.

நோய் நீங்கியதற்கு உணவுதான் காரணமா என்பதை இன்று யாராலும் உறுதிசெய்ய இயலாது. ஆனால் அந்நோன்பு வழங்கிய ஒரு சொல், பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து கிடைக்கும் அனைத்தையும் தவிர்க்கும் நனிசைவப் பயணிக்குப் பேருதவியாக இருக்கிறது. ‘ஜே’ என்பதே அச்சொல்.

சைவம் வேறு, ஜே வேறு

தாய்லாந்து பௌத்த நாடு. ஆகவே அங்கே மரக்கறி உணவு எளிதில் கிடைக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். அந்நாட்டில் பெருவழக்கான தேரவாத மரபில், துறவியர் தமக்கு இடப்பட்டதை உண்பர்; புலால் மறுப்பு கட்டாயமன்று. ஜே வழக்கமோ சீனரின் மகாயான மரபோடு வந்தது. இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றோடு பூண்டு, வெங்காயம் போன்ற கடுமணமுள்ளவற்றையும் அது விலக்குகிறது.

‘மங்சவிரத்’ என்னும் மற்றொரு சொல்லும் அங்கே உண்டு. மாம்சத்திலிருந்து விலகுதல் என்பதே அதன் பொருள். அவ்வுணவில் முட்டையும் பாலும் இடம்பெறலாம். எனவே நனிசைவர் கேட்க வேண்டியது ‘ஆஹான் ஜே’. ‘ஆஹான்’ நாம் நன்கறிந்த ‘ஆகாரம்’ தான். ஜே உணவு விற்கும் கடைகளில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துகளைக் காணலாம். அந்த எழுத்துகள் நம் கண்ணுக்கு 17 என்ற எண்ணைப் போலத் தோன்றும்.

கண்ணுக்குத் தெரியாத மீன்

கொடி இல்லாத கடைகளில் கவனம் வேண்டும். ‘நாம் ப்லா’ எனப்படும் மீன் சாறு, நம் சமையலில் உப்பு இருக்கும் இடத்தில் அங்கே இருக்கிறது. பச்சைக் குழம்பில் டோஃபு மட்டுமே மிதந்தாலும், அதன் மசாலா விழுதில் ‘கபி’ என்னும் இறால் விழுது அரைக்கப்பட்டிருக்கலாம். பப்பாளிக்காயைச் சீவி இடித்துச் செய்யும் ‘சொம் தம்’மில் உலர்ந்த இறாலும், வதக்கிய கீரையில் சிப்பிச் சாறும் சேர்வதுண்டு. ‘மை ஸை நாம் ப்லா’ என்றால் ‘மீன் சாறு சேர்க்க வேண்டாம்’ என்று பொருள். ஆயினும் முன்பே அரைத்துவைத்த விழுதிலிருந்து இறாலை எவராலும் பிரித்தெடுக்க இயலாது. அத்தகைய கடைகளில் குழம்பைத் தவிர்த்து, அப்போதே வதக்கித் தரும் காய்கறிகளைக் கேட்பது நலம்.

கொடி சொல்லாதவை

விலக்கப்பட்டவை எவை என்பதைக் கொடி சொல்கிறது. எஞ்சியிருப்பது நம் உடலுக்கு ஏற்றதா என்பதை அது சொல்வதில்லை. மருத்துவக் கண்காணிப்பில் இருப்போரும் அவர்களுடன் செல்வோரும் மனத்திற்கொள்ள வேண்டியது இதுவே.

மீன் சாற்றுக்கு மாற்றாகச் சேர்க்கப்படும் சோயா சாற்றின் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் உண்டு. பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்கும் குறைவாகவே கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எனவே உயர் இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ உள்ளவர்கள் சாற்றைத் தனியே தருமாறு கேட்கலாம்.

தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்ந்த ஒட்டரிசியும் மாம்பழமும் முழுமையான நனிசைவமே. ஆனால் நீரிழிவு உள்ளவருக்கு அதில் இரண்டு வாய் போதும். சிறுநீரக நோயாளிகளுக்கு இளநீரின் பொட்டாசியம் தீங்காகலாம். நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது. பம்பளிமாஸ் பழம் சில கொழுப்புக் குறைப்பு மாத்திரைகள், இரத்த அழுத்த மாத்திரைகள் ஆகியவற்றின் செயலை மாற்றக்கூடும். வார்ஃபரின் உட்கொள்வோர் கீரையின் அளவைத் திடீரெனக் கூட்டுதல் கூடாது. நிலக்கடலை ஒவ்வாதவர்க்கு ஜே கடையும் பாதுகாப்பன்று. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும் பச்சைக் காய்களையும் தழைகளையும் தவிர்த்து, சூடாகச் சமைத்தவற்றையே உண்ண வேண்டும்.

சில நாள் பயணத்தில் நனிசைவ உணவால் சத்துக்குறைவு நேராது. ஆனால் நெடுநாளாக அவ்வுணவையே மேற்கொள்வோர் வைட்டமின் பி12 மாத்திரையைத் தவறவிடலாகாது. அதிலும் மெட்ஃபார்மின் எடுத்துக்கொள்வோர் மருத்துவரிடம் இதுபற்றிக் கேட்டறிவது அவசியம்.

புறப்படுமுன் ஒரு சீட்டு

பயணத்திற்குச் சில வாரங்கள் முன்பே தங்கள் மருத்துவரையும் உணவியல் நிபுணரையும் சந்தித்துத் தங்களுக்கு ஆகாதவற்றைப் பட்டியலிடுங்கள். அதைத் தாய்லாந்து மொழி அறிந்தவர் ஒருவரைக் கொண்டு சீட்டில் எழுதி வாங்குங்கள். தங்கும் விடுதியில் உள்ளோரும் உதவுவர். ‘இவருக்கு நிலக்கடலை ஆகாது’, ‘உப்பும் சோயா சாறும் குறைவாக’ எனச் சிறு வாக்கியங்களே போதும். மருந்துகளையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடன் செல்வோருக்கு ஒரு வேண்டுகோள். நோயுற்றவர் அயலூரில் தம் தேவையை மீண்டும் மீண்டும் எடுத்துரைக்கக் கூச்சப்படுவார்; பிறருக்குத் தொல்லை தருகிறோமோ என்றெண்ணி, வேண்டாததையும் உண்டுவிடுவார். அச்சீட்டை நீட்டும் பொறுப்பை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தட்டில் இருப்பது தமக்கு ஏற்றதே என்னும் நம்பிக்கை பிறந்துவிட்டால், புது நாட்டின் சுவையை அவரும் அச்சமின்றி அறிந்து மகிழ்வார்.